அரிசி மணி அளவில் ஓர் எதிரி

கடலுக்கு வெகுதூரத்திலுள்ள அய்யலூரில் உப்புநீர் மீன்தொட்டி வைப்பவர், கடலுப்பையும் விலைக்கு வாங்கித்தான் கரைக்க வேண்டும். அத்தனை சிரமப்பட்டு அமைத்த தொட்டிக்குள், வாங்கிவந்த நத்தையின் ஓட்டோடு ஒட்டுண்ணி நத்தையும் வந்துவிடுவதுண்டு. பிரமிடெல்லிட் என்னும் குடும்பத்தைச் சேர்ந்த இவை அரிசி மணி அளவே இருக்கும். பிற நத்தைகளுக்குள்ள அரநாக்கு இவற்றுக்கு இல்லை. நீண்ட குழலொன்றை நீட்டி, நத்தை, சிப்பிகளின் உடல்நீரை உறிஞ்சுகின்றன. பகலில் பதுங்கி, இரவில் வெளிவருகின்றன.

இவற்றைக் கண்டதும் செம்பு மருந்தைத் தேடுவது தவறு என்பது என் துணிபு. நாம் காக்க நினைத்த நத்தை, இறால், பவளம் அனைத்தையும் செம்பு கொல்லும். பாறையிலும் மணலிலும் தங்கிப் பின்னரும் கசியும். அய்யலூர்ச் சந்தைக்குத் தக்காளி கொண்டுவரும் விவசாயிக்கு இது புதிதல்ல. காய்ப்புழுவுக்கு அடித்த மருந்து, அப்புழுவைத் தின்னும் பூச்சிகளையும் கொன்றுவிடுகிறது. வயலுக்காவது மழை உண்டு. தொட்டிக்கு அதுவும் இல்லை.

மாற்று வழி எளிது, ஆனால் மெதுவானது. விளக்கணைத்துச் சில மணி நேரம் கழித்து, கைவிளக்கின் ஒளியில் இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். ஓட்டில் படிந்த கூழ் போன்ற முட்டைத் திரளைத் தேய்த்தெடுக்க வேண்டும். வாரக்கணக்கில் இதைத் தொடர வேண்டும். புதிதாக வாங்கும் உயிர்களை முதலில் தனித்தொட்டியில் வைத்துக் கவனிக்க வேண்டும்.

வெண்ணிறச் சிறு நத்தைகள் யாவும் ஒட்டுண்ணிகள் அல்ல. பாசி மேய்பவையும் உண்டு. மற்றோர் உயிரின் ஓட்டு விளிம்பில் கூட்டமாக ஒட்டியிருப்பவையே ஐயத்துக்குரியவை. இந்த வேறுபாட்டைக் கண் அறியும், நஞ்சு அறியாது.