மாடிப்படியின் கீழே

வீட்டில் மாடிப்படிக்கு அடியில் ஓர் அலமாரி. ஆழம் 30 அங்குலம், வாயோ குறுகல். சென்ற மாதம் அதன் கோடியில் அகப்பட்டது, 1930-ல் பாட்டியார் தாமே நூற்ற நூலில் நெய்வித்த கதர்ப் புடவை. பாதியைக் கரையான் அரித்திருந்தது!

மறுநாளே தச்சரை வரவழைத்து இழுப்புத் தட்டுகள் செய்யச் சொன்னோம். உட்புற அகலத்தை அளந்து கொடுத்தது நமது அசட்டுத்தனம். முதல் தட்டு நிலையில் இடித்துக்கொண்டு உள்ளே நுழையவே மறுத்தது. வாயின் அகலத்தையல்லவா அளந்திருக்க வேண்டும்? அதிலும் கீலும் கதவும் அடைக்கும் இடத்தைக் கழித்து, எஃகுச் சறுக்குச் சட்டத்துக்கென்று இருபுறமும் ½ அங்குலம் விடவேண்டும். உள்ளே மிஞ்சும் இடைவெளியில் கட்டை அடித்து, அதன்மேல் சட்டத்தைப் பொருத்தினார் தச்சர். சட்டம் முழு நீளமும் வெளியே வரக்கூடியதாக இருத்தல் அவசியம். முக்கால் பங்கே வருவதானால் கோடியிலுள்ளது பழையபடி இருட்டில்தான்.

மிஞ்சிய பாதிப் புடவை இப்போது மேல் தட்டில், கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.