ப்ளக்-இன் சாகும்போது நினைவகத்தை யார் விடுவிக்கறது?

யாங்கோன்ல 2021-க்கு அப்புறம் மின்வெட்டு தினசரி சமாச்சாரம். அது நம்ம நிரலர்களைக் கொஞ்சம் கெடுத்து வெச்சிருக்குங்கறது என் கட்சி. கரண்ட் போனா பொட்டி அணையும், திரும்பி வரும்போது நினைவகம் பளிச்னு காலியா இருக்கும். ப்ளக்-இன் விட்டுட்டுப் போன குப்பை யார் கண்ணுலயும் படாது. அதே ப்ளக்-இன்னை ஜெனரேட்டர்ல மாசக்கணக்கா ஓடுற சர்வர்ல போட்டுப் பாருங்க, அப்பதான் வண்டவாளம் தெரியும்.

மேட்டர் இதான். லினக்ஸ்ல பேர் வெச்சு உருவாக்குற ஷேர்டு மெமரி, அதை உருவாக்குன ப்ராசஸ் செத்தாலும் சாகாது. யாராவது அன்லிங்க் பண்ணணும், இல்லைன்னா ரீபூட் ஆகணும். விண்டோஸ்ல கடைசி ஹேண்டில் மூடினதும் தானா போயிடும். அங்கேர்ந்து வர்றவங்க இதுலதான் ஏமாறுறாங்க.

ஒரு வீடியோ ப்ளக்-இன்னை எடுத்துக்குங்க. 1920x1080 ஃப்ரேம், பிக்சலுக்கு 4 பைட், மூணு ஃப்ரேம்: கிட்டத்தட்ட 25 எம்.பி. ஒவ்வொரு க்ராஷுக்கும் புதுப் பேர்ல 25 எம்.பி. மிஞ்சினா, 8 ஜி.பி. பொட்டியில 170 தடவைக்குள்ள இடம் தீர்ந்துடும் (வழக்கமான உச்சவரம்பு ராம்ல பாதிதான்). அப்புறம் சாகறது உங்க ப்ரோக்ராம் மட்டும் இல்லை. பக்கத்துல ஒருத்தன் மூணு நாளா ஓட்டிட்டிருக்கற தீசிஸ் வேலை ‘பஸ் எரர்’னு விழும். பாவம், அவன் தன் கோட்லயே தப்பைத் தேடிட்டு இருப்பான்.

"ஷட்டவுன் ஃபங்ஷன்ல அன்லிங்க் எழுதியிருக்கேனே"ம்பாங்க. அந்த ஃபங்ஷனை யார் கூப்பிடுறது? ஹோஸ்ட் ப்ரோக்ராம் க்ராஷ் ஆனா யாரும் கூப்பிட மாட்டாங்க. கில் மைனஸ் 9 போட்டாலோ, நினைவகம் பத்தாம கெர்னலே போட்டுத் தள்ளினாலோ, கடைசி வார்த்தை பேசவே வாய்ப்பு கிடையாது.

அதனால, விடுவிக்கற வேலையைச் சாகப்போறவன்கிட்ட கொடுக்காதீங்க, கெர்னல்கிட்ட கொடுங்க. ரெண்டு பக்கமும் மேப் பண்ணி முடிச்சதுமே அன்லிங்க் பண்ணிடலாம். பேர்தான் போகும், கடைசி ஆள் விடற வரைக்கும் நினைவகம் இருக்கும். இன்னும் நல்லது மெம்எஃப்டி (லினக்ஸ் 3.17, 2014): பேரே கிடையாது, சாக்கெட் வழியா கை மாத்திக்கலாம்.

லேட்டா வந்து சேர்ற ப்ராசஸ் இருந்தா பேர் வேணும், ஒத்துக்கறேன். அப்ப ஆரம்பிக்கும்போதே பழைய குப்பையைப் பாருங்க. ஆனா சொந்தக்காரன் உயிரோட இருக்கானான்னு பார்க்காம அழிச்சுடாதீங்க. ஃபைல் லாக் போட்டு வெச்சா போதும், ஆள் செத்ததும் கெர்னலே அதை விட்டுடும். போஸ்ட்கிரெஸ் 9.3 (2013) பெரும்பாலான நினைவகத்தைப் பேரில்லாத மேப்புக்கு மாத்திடுச்சு. ஆனா சின்னதா ஒரு சிஸ்டம் ஃபைவ் துண்டை மட்டும் விடலை. எத்தனை பேர் ஒட்டிட்டு இருக்காங்கன்னு அது எண்ணிச் சொல்லும், அதுக்காகத்தான்.

அதிகப்பிரசங்கித்தனமும் ஆகாது. பைத்தான் 3.8-ல ஷேர்டு மெமரி வந்தப்போ, சம்பந்தமே இல்லாத இன்னொரு ப்ராசஸ் சும்மா எட்டிப் பார்த்துட்டு வெளியே போனாலும், அதோட ட்ராக்கர் மொத்தத்தையும் அழிச்சுட்டுப் போகும். அதை அணைக்க ஒரு ஆப்ஷன் 3.13-லதான் (2024) வந்தது. அஞ்சு வருஷம்!

ஷட்டவுன் ஃபங்ஷன் வேண்டாம்னு சொல்லலை. ஒழுங்கா மூடும்போது முதல்ல த்ரெட்டை நிறுத்துங்க, அப்புறம் மேப்பை விடுங்க. மாத்திச் செஞ்சா மூடும்போதே க்ராஷ் ஆகும், குப்பையும் அங்கேயே கிடக்கும் :-)