பெண்ணைத் தொங்கலில் விடாதீர்கள்!

மாப்பிள்ளை சபுருக்குப் போய் மூன்று வருடம். பணமும் வரவில்லை, பதிலும் வரவில்லை. பெண்ணின் தகப்பனார் ஜமாஅத்தில் வந்து நிற்கிறார். "மாப்பிள்ளை ஊர் வரட்டும், பேசிக்கொள்ளலாம்" என்று அனுப்பி விடுகிறார்கள். அடுத்த கூட்டத்திலும் இதே பதில்தான். இது ஒரு ஊரின் கதையா? இல்லை சகோதரர்களே, பல மஹல்லாக்களில் நடப்பதுதான்.

வாழவைக்கவும் இல்லை, விட்டுவிடவும் இல்லை. மனைவியை இப்படி அந்தரத்தில் விடுவதைத் திருக்குர்ஆன் (4:129) கண்டிக்கிறதே! ஆணுக்குத் தலாக் உண்டு என்பது சிறு பிள்ளைக்கும் தெரியும். பெண்ணுக்குக் குலா உண்டு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஸாபித் பின் கைஸ் (ரலி) அவர்களின் மனைவி நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பிக் கொடுத்தார், பிரிந்தார். அவரை யாரும் வருடக்கணக்கில் அலைய விடவில்லை.

கணவன் சம்மதிக்காவிட்டாலும் பெண்ணுக்கு வழி இருக்கிறது. 1939-ஆம் வருட முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம்தான் அது. யாரோ நம்மீது திணித்த சட்டமல்ல. ஹனபி மத்ஹபில் இத்தகைய பெண்ணுக்கு வழி அடைபட்டிருந்ததால், மாலிகி மத்ஹபின் தீர்ப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று உலமாக்களே சொன்னதன் அடிப்படையில் வந்தது.

நான்கு வருடமாகக் கணவன் இருக்கும் இடமே தெரியவில்லை, இரண்டு வருடமாக ஜீவனாம்சம் தரவில்லை, ஏழு வருடமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை, தக்க காரணமின்றி மூன்று வருடமாக இல்லறக் கடமையை நிறைவேற்றவில்லை, ஆண்மையின்மை, இரண்டு வருடமாகப் புத்தி சுவாதீனமின்மை, அடி உதை உள்ளிட்ட கொடுமை — இவற்றில் ஒன்று இருந்தாலும் மனைவி வழக்குப் போடலாம்.

எங்கே போடுவது? குடும்ப நீதிமன்றத்தில். அது இல்லாத பகுதியில் அதற்குரிய சிவில் நீதிமன்றத்தில். கணவன் வசிக்கும் ஊரில் போடலாம். வழக்குக்கான காரணம் நடந்த ஊரிலும் போடலாம். கணவன் வளைகுடாவில் இருக்கிறான் என்பதால் வழக்கே போட முடியாது என்பது தவறு. நோட்டீஸ் கடல் கடந்தும் போகும்.

கையில் என்ன வேண்டும்? நிக்காஹ் தப்தரின் நகல், முகவரிச் சான்று, காரணத்தை நிரூபிக்கும் ஆதாரங்கள், சாட்சிகள். வக்கீலுக்குப் பணம் இல்லையா? 1987-ஆம் வருடச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்தால் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்தச் சட்டப்படி பிரியும் பெண்ணின் மஹர் உரிமை பறிபோகாது. தவறு செய்தவன் கணவனாக இருக்க, "மஹரையும் நகையையும் விட்டுக்கொடு, கையெழுத்து வாங்கித் தருகிறோம்" என்று பஞ்சாயத்துப் பேசுவது எந்த ஊர் நியாயம்?

ஜமாஅத் கொடுக்கும் காகிதமே போதும் என்று இருந்துவிடவும் வேண்டாம். காஜி தரும் தலாக் சான்றிதழ் வெறும் அபிப்பிராயம்தான் என்று 2017-ல் சென்னை உயர்நீதிமன்றம் கூறியது. குலா பெண்ணின் உரிமை. ஆனால் அதற்கு அவள் போக வேண்டிய இடம் குடும்ப நீதிமன்றம், தனியார் அமைப்பு சான்றிதழ் தர முடியாது என்று 2023-ல் அதே நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தக் காகிதத்தை நம்பி மறுமணம் செய்த பெண் நாளை கோர்ட்டில் நின்றால் யார் பதில் சொல்வது?

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக் செல்லாது என்று 2017-ல் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019-ஆம் வருடச் சட்டப்படி அதற்கு மூன்று வருடம் வரை சிறை. இந்தச் சட்டத்தை நாம் எதிர்க்கலாம்; தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது. மனைவி தலாக்கை மறுத்தால், கணவன்தான் நீதிமன்றம் சென்று அதை நிரூபித்துத் தீர்ப்புப் பெற வேண்டும் என்றும் 2024-ல் மதுரைக் கிளை கூறியிருக்கிறது.

அப்படியானால் ஜமாஅத்துக்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது! திருக்குர்ஆன் (4:35) காட்டியபடி இரு குடும்பத்திலும் ஒவ்வொரு நடுவரை வைத்து சமாதானம் பேசுங்கள். அதற்கு ஒரு கெடு வையுங்கள். கெடு முடிந்தும் தீராவிட்டால், தப்தர் நகலைக் கையில் கொடுத்து, உங்கள் ஆளை உடன் அனுப்பி, கோர்ட்டுக்கு வழிகாட்டுங்கள். பைத்துல்மாலில் இருந்து வழிச்செலவு கொடுங்கள். தீர்ப்பு வந்ததும் இத்தா முடிந்த பெண்ணுக்கு மறுமணக் கடிதம் தரத் தயங்காதீர்கள்.

படித்த இளைஞர்களே, கடைவீதியில் செல்வாக்குள்ள வியாபாரிகளே! உங்கள் மஹல்லாவில் தொங்கலில் நிற்கும் பெண்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் அவர்களுக்காக எழுந்து பேசுங்கள். அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் திரையில்லை என்பதை மறந்துவிட வேண்டாம்.