மாமாவோட ரெக்கார்டுப் பொட்டி

ஹெட்போனைக் கொஞ்சம் கழட்டுங்க பாஸ். இந்த வாரம் ஒரு கணக்குத் தீர்க்க வேண்டியிருக்கு. உங்ககிட்ட இல்ல, என்கிட்ட நானே.

நம்ம ஊரு கான்சாபுரம். ‘எங்க இருக்கு?’னு முழிக்காதீங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்ல பஸ் ஏறி, கிருஷ்ணன்கோவில்ல திரும்பி, வத்திராயிருப்பு தாண்டி வந்தா மலை கிட்ட கிட்ட வரும். 2025-ல ரீல்ஸ்ல கலக்குச்சே கூமாபட்டி, அதுக்குப் பக்கம்தான். (அவங்க ஃபேமஸ் ஆயிட்டாங்க, நாங்க ஆகலை. வயித்தெரிச்சல் இல்லைனு சொன்னா நம்பாதீங்க.) கான்சாகிப், அதாவது மருதநாயகம் பேர்ல வந்த ஊருனு பெரியவங்க சொல்வாங்க. 1764-ல வெள்ளைக்காரன் தூக்குல போட்டவர். 1997-ல கமல் பூஜை போட்டு, முடிக்க முடியாமப் போன படமும் அவரோட கதைதான்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். எங்க தாய்மாமா ரேடியோ செட் வச்சிருந்தார். ‘அன்னக்கிளி’ வந்த 1976-ல ஆரம்பிச்சது. ஒரு ஆம்ப்ளிஃபையர், ஒரு ரெக்கார்டு பிளேயர், நாலு குழாய் ஸ்பீக்கர், மூணு தகரப் பொட்டி நிறைய ரெக்கார்டு. கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோவில் பொங்கல்... சுத்துப்பட்டுல எந்த விசேஷம்னாலும் முதல் நாளே தென்னமரத்துல குழாய் ஏறிடும். ஆடி அமாவாசைக்கு சதுரகிரி போற கூட்டத்துக்காகத் தாணிப்பாறை வரைக்கும் செட் போயிருக்கு. லீவுல நான்தான் அசிஸ்டென்ட். என் வேலை, பொட்டி தூக்குறதும், ஊசி மேல படிஞ்ச தூசியை வாயால ஊதி விடுறதும்.

எங்க செட்டுல எழுதப்படாத சட்டம் ஒண்ணு உண்டு. முதல் பாட்டு சீர்காழி கோவிந்தராஜன் குரல்ல பிள்ளையாருக்கு. அடுத்தது நாகூர் ஹனிஃபா. மூணாவது ஒரு ஏசு பாட்டு. அம்மன் கோவில் பொங்கலா இருந்தாலும் இதே வரிசைதான். ‘ஏன் மாமா?’னு ஒரு தடவை கேட்டேன். ‘குழாய் எல்லா வீட்டுக்கும்தானடா கேக்குது’ன்னார். அதுக்கு அப்புறம்தான் எம்.எஸ்.வி., இளையராஜா எல்லாரும். ராத்திரி பத்து மணி ஆனா ‘திருவிளையாடல்’ வசனம். 1965-ல வந்த படத்தை நான் பார்க்கிறதுக்கு முன்னாலேயே, தருமி புலம்புறதை மூச்சு விடாமச் சொல்லுவேன். நாகேஷ் முகம் எப்படி இருக்கும்னே தெரியாது.

மார்கழி வந்தா கதையே வேற. விடியக்காலை நாலரை மணிக்கு எம்.எல்.வசந்தகுமாரி பாடின திருப்பாவை. ஆண்டாள் பொறந்த ஸ்ரீவில்லிபுத்தூர் எங்களுக்குப் பக்கத்து டவுன், அதனால அவ பாட்டை அடுத்த வீட்டுப் புள்ள பாட்டு மாதிரிதான் கேப்போம். முப்பது பாட்டுக்கும் ராகம் போட்டது அரியக்குடி ராமானுஜ ஐயங்கார்ங்கிறதெல்லாம் காலேஜ் வந்தப்புறம் படிச்சது. அப்போ எனக்குத் தெரிஞ்சது, அந்தக் குரல் கேட்டா போர்வையை இழுத்துப் போர்த்திக்கலாம், பள்ளிக்கூடத்துக்கு இன்னும் நேரம் இருக்குங்கிறது மட்டும்தான்.

இப்ப முக்கியமான விஷயம். மாமா ஆறாவதோட நின்னவர். ஆனா எழுத்து முத்து முத்தா இருக்கும். ஒவ்வொரு விசேஷத்துலயும் அந்த வீட்டுக்காரங்க விரும்பிக் கேட்ட ரெக்கார்டு ஏதாச்சும் ஒண்ணு இருக்குமில்ல, அதோட கவர் பின்னாடி பால் பாயின்ட் பேனாவால எழுதி வைப்பார். ‘கூமாபட்டி, காதுகுத்து, 6.6.83. மழை. பந்தல் ஒழுகுச்சு’ இந்த மாதிரி. சில கவர்ல நாலு வரி, சிலதுல இடமே இருக்காது. ‘சாரதா’ படத்துல மருமகளை வரவேற்கிற கல்யாணப் பாட்டு இருக்கே, 1962-ல வந்தது, அந்த கவர்ல இங்க் படாத இடமே கிடையாது. பின்ன, பொண்ணு வீட்டுக்குள்ள காலெடுத்து வைக்கிறப்போ வேற எதைப் போடச் சொல்வாங்க? ‘இது எதுக்கு மாமா?’னு கேட்டா, ‘எந்த ரெக்கார்டு எத்தனை தடவை ஓடுச்சுன்னு தெரிய வேணாமா? ஊசி செலவு இருக்குல்ல’ம்பார். மழை பெஞ்சதுக்கும் ஊசி செலவுக்கும் என்ன சம்பந்தம்னு நான் கேட்டதில்ல.

அந்தப் பொட்டியில எனக்கு ரெண்டு ஃபேவரைட். ஒண்ணு, ‘கொஞ்சும் சலங்கை’ பாட்டு. எஸ்.ஜானகி குரலும், காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரமும் போட்டி போடுமே, அது. காருகுறிச்சியார் நம்ம தென்மாவட்டத்து ஆளு, 1964-ல 43 வயசுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டார். தெருவுல யார் என்ன வேலை பார்த்துக்கிட்டிருந்தாலும் அந்த நாதஸ்வரம் ஏறுற இடத்துல கை நிக்கும். மாடு கறக்கிறவங்க கூட நிறுத்துவாங்க. மாடுதான் நிறுத்தாது.

இன்னொண்ணு... சிரிக்காதீங்க. போனி எம்!

ராஜபாளையத்துல ஒரு பெரிய வீட்டுக் கல்யாணத்துக்கு செட் போட்டப்போ, ‘இதையும் வச்சுக்கோ’னு யாரோ கொடுத்த எல்.பி. 1978-ல வந்த ‘நைட்ஃப்ளைட் டு வீனஸ்’. ரஸ்புடின் பாட்டு இருக்கே, அதேதான். பல வருஷம் பொட்டிக்கு அடியில தூங்குச்சு. 1989 பங்குனிப் பொங்கல் அன்னிக்கு, மதுரையில காலேஜ் படிக்கிற பசங்க நாலு பேரு வந்து ‘இங்கிலீஷ் பாட்டு இருக்கா’னு பீட்டர் விட்டாங்க. மாமா ரோஷத்தோட அதை எடுத்து வச்சார். எல்.பி. நிமிஷத்துக்கு 33 சுத்து சுத்தணும். ஆனா அதுவரைக்கும் சின்ன ரெக்கார்டா ஓடிக்கிட்டிருந்ததால ஸ்விட்ச் 45-லயே இருந்துச்சு. மாமா கவனிக்கலை.

யோசிச்சுப் பாருங்க. கட்டைக் குரல் ஆம்பளை, சின்னப் பையன் மாதிரி கத்துறான். மேளம் ரயில் வேகத்துல போகுது. அம்மன் கோவில் முன்னாடி மொத்த ஜனமும் ஆட ஆரம்பிச்சிருச்சு. முளைப்பாரி சுமந்து வந்தவங்க, தீச்சட்டி எடுத்தவங்க, வேட்டியை மடிச்சுக் கட்டின பெருசுங்க எல்லாரும்! நடுவுல மாமாவுக்கு உறைச்சு ஸ்விட்ச்சை 33-க்கு மாத்தினார் பாருங்க... ‘ஏய், யாருய்யா பாட்டை நொண்டியாக்கினது?’னு ஒரே சத்தம். திரும்ப 45. அதுக்கப்புறம் கான்சாபுரத்துல போனி எம்முக்கு நிரந்தரமா 45-தான். பின்னாடி ஹாஸ்டல்ல ஒருத்தன் ஒரிஜினலைப் போட்டப்போ, ‘உன் கேசட்டு இழுக்குதுடா’னு நான் சண்டையே போட்டிருக்கேன். நான் தூக்கி வச்சுக் கொண்டாடின அந்தக் கட்டைக் குரல் கூட மேடையில ஆடுற பாபி ஃபாரெல் குரல் இல்லையாம், தயாரிப்பாளர் ஃப்ராங்க் ஃபாரியன் பாடினதாம். ஆக மொத்தம் எங்க ஊரு கேட்டது எதுவுமே ஒரிஜினல் இல்ல. ஆட்டம் மட்டும் ஒரிஜினல்.

கேசட் வந்துச்சு. டீக்கடையில எல்லாம் ‘விதி’ படத்து கோர்ட் வசனம் அலறுச்சு. ரெக்கார்டிங் சென்டர்ல லிஸ்ட் கொடுத்தா, நீங்க கேக்குற பாட்டை உங்க வரிசையிலேயே அடிச்சுக் கொடுப்பாங்க. செட்டை யார் கூப்பிடுவா? 1994-ல மாமா குழாயை எல்லாம் இறக்கிட்டு, பிளவக்கல் ரோட்டுப் பக்கம் ஒரு மாந்தோப்புக்கு காவலுக்குப் போயிட்டார். அடுத்த வருஷம் பத்தாவதுல மார்க் வாங்கினதுக்கு வீட்ல கொடுத்த காசுல, ஸ்ரீவில்லிபுத்தூர்ல ‘ஹவ் டு நேம் இட்’ கேசட் வாங்கினேன். இளையராஜா 1986-ல போட்டது. தியாகராஜருக்கும் பாக்குக்கும் சமர்ப்பணம் பண்ண ஆல்பம். தோப்புக்கு எடுத்துட்டுப் போய்ப் போட்டுக் காட்டினேன். வயலின் மேல வயலினா அடுக்கிக்கிட்டே போகுது. மாமா கண்ணை மூடிக் கேட்டார். ஒரு பக்கம் முடியப் போற நேரம், ‘நல்லாருக்கு மருமகனே... பாட்டு எப்ப வரும்?’

நான் சிரிச்சேன். அப்போ வந்தது நல்ல சிரிப்பு. அடுத்த ரெண்டு மூணு வருஷத்துல வந்த சிரிப்பு நல்லதில்ல.

மதுரைக்கு இன்ஜினியரிங் படிக்கப் போனேன். ஹாஸ்டல்ல ஃபர்ஸ்ட் இயர் அறிமுகத்துல ‘உன் ஃபேவரைட் என்ன?’னு கேட்டாங்க. முன்னாடி நின்னவன் மெட்டாலிகான்னான். அவனுக்கு முன்னாடி நின்னவன் பிங்க் ஃப்ளாய்டுன்னான். நான் என்ன சொன்னேன்னு நினைக்கிறீங்க? சீர்காழியா? ஹனிஃபாவா? ‘மெட்டாலிகா’ன்னேன். அன்னிக்கு வரைக்கும் ஒரு பாட்டு கேட்டது கிடையாது. அது இரும்புக் கம்பெனியானு கூடத் தெரியாது. மெட்டாலிகா பாவம், அவங்க மேல தப்பில்ல, அப்புறம் நிஜமாவே பிடிச்சும் போச்சு. ஆனா நாலு வருஷம், மாமா செட்டு வச்சிருந்தார்னு ஒரு வார்த்தை அங்க யார்கிட்டயும் சொன்னதில்ல.

2001. ரூம்ல எல்லார்கிட்டயும் டிஸ்க்மேன் இருந்துச்சு. எனக்கு செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு 1,400 ரூபாய்க்கு வந்துச்சு. மதுரையில பழைய ரெக்கார்டு எடுக்கிற கடை ஒண்ணுல விசாரிச்சேன். ரெக்கார்டு பத்து ரூபாய். லீவுக்கு ஊருக்குப் போனேன்.

மாமா மறுபேச்சு பேசலை. ‘எடுத்துட்டுப் போ மருமகனே. இனிமே யாரு கேக்கப் போறா.’ அவரே பரண்ல ஏறி மூணு பொட்டியையும் இறக்கிக் கொடுத்தார். துண்டால துடைச்சார். பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்தார். ஏறப் போறப்போ ஒண்ணே ஒண்ணு கேட்டார். ‘கவரையும் சேத்தா எடுப்பாங்க?’

‘கவர் இல்லாம எவன் மாமா வாங்குவான்?’

‘அதுவும் சரிதான்’னார்.

கடைக்காரர் மூணே மூணு ரெக்கார்டைத் திருப்பிக் கொடுத்தார். கீறல் ஜாஸ்தியாம், ஒண்ணு வளைஞ்சிருந்துச்சாம். மீதி எல்லாம் எடுத்துக்கிட்டார். கரெக்டா டிஸ்க்மேன் காசு தேறுச்சு. அது ஒரு வருஷம் கூட ஓடலை.

2006-ல பெங்களூர்ல வேலை. மலேசியாவுல இருந்து யோகி பி அண்ட் நட்சத்ரா ‘வல்லவன்’ ஆல்பம் வந்த வருஷம். ‘நிழல்கள்’ல எஸ்.பி.பி. பாடின பாட்டை எடுத்து ராப் பண்ணியிருந்தாங்க ஞாபகம் இருக்கா? ஆபீஸே கேட்டுச்சு. 1980-ல வந்த அந்த ஒரிஜினல் எங்க பொட்டியில இருந்ததுதான். பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட, ‘எங்க மாமா இதை எங்க எங்க போட்டார்னு தேதியோட சொல்லுவேன் தெரியுமா’னு ஆரம்பிச்சேன். பாதியில நிறுத்திட்டேன். எந்தத் தேதியைச் சொல்றது? கவர் எங்க?

மாமா 2014-ல இறந்துட்டார். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு பாக்ஸ் ஸ்பீக்கர்காரங்க வந்திருந்தாங்க. பென் டிரைவ். சாப்பாட்டுப் பந்தி முடியுற நேரம், பின் தெருவுல இருந்து ஒரு அத்தை வந்தாங்க. சொந்த அத்தை இல்ல, ஊரு முறைக்கு அத்தை. எழுபது வயசிருக்கும். என்னை ஓரமாக் கூப்பிட்டு, ‘தம்பி, உங்க மாமன் ரெக்கார்டுப் பொட்டி உங்கிட்டயா இருக்கு?’ன்னாங்க.

‘ஏன் அத்தை?’

‘எங்க கல்யாணத்துக்கு உங்க மாமன்தான் செட்டு. மருமக வர்ற பாட்டு ரெண்டு தடவ போடச் சொன்னோம். அட்டையில எழுதுனதை நான் பாத்தேன். போட்டோவெல்லாம் எடுக்கலப்பா, அப்ப ஏது காசு. என்ன தேதின்னு மட்டும் பாத்துச் சொல்லுறியா? அவரு இருந்தவரைக்கும் அவரு சொல்லுவாரு. வருசா வருசம் பால்கோவா வாங்கிட்டு வருவாரு. இப்ப அவரும் இல்ல. எனக்கு ஆவணின்னு மட்டும்தான் ஞாபகம்.’

‘சாரதா’ கவர். இங்க் படாத இடமே இல்லாத அந்த கவர். பத்து ரூபாய்.

என்ன பண்ணுவீங்க நீங்களா இருந்தா? நான் பொய் சொல்லலாமானு யோசிச்சேன், உண்மையைச் சொல்றேன். வாய்க்கு வந்த ஒரு ஆவணித் தேதியைச் சொல்லியிருந்தா அவங்க சந்தோஷமாப் போயிருப்பாங்க. நாக்கு வரைக்கும் வந்துச்சு. சொல்ல முடியலை. ‘வித்துட்டேன் அத்தை’ன்னேன். அவங்க திட்டலை. ‘சரிப்பா, படிக்கிற புள்ளைக்குச் செலவு இருக்கும்ல’ன்னாங்க. திட்டியிருக்கலாம்.

அடுத்த நாளே மதுரைக்குப் போனேன். அந்த இடத்துல செல்போன் கடை இருந்துச்சு.

ஊருக்குத் திரும்பி வந்து பரண்ல ஏறினேன். கடைக்காரர் வேண்டாம்னு தள்ளின அந்த மூணும் அங்கதான் கிடந்துச்சு. காருகுறிச்சியார், ஒரு ஹனிஃபா, போனி எம். எடுத்துக்கிட்டு அத்தை வீட்டுக்குப் போனேன். ‘உங்க தேதி இதுல இருக்காது அத்தை. இருந்தாலும்...’

‘எனக்கு எழுத்து தெரியாது. நீயே வாசி’ன்னாங்க.

வாசிச்சேன். காருகுறிச்சியார் கவர்ல ஒரு சீமந்தம். யாருக்குன்னு பேர் சொல்லி, அன்னிக்கு வந்த கூட்டம் வரைக்கும் சொன்னாங்க. ஹனிஃபா கவர்ல கடை திறப்பு ஒண்ணு. அந்தக் கடை எப்ப மூடுச்சு, ஏன் மூடுச்சுனு சொன்னாங்க. கடைசியா போனி எம். ஒரே ஒரு வரிதான் எழுதியிருந்தார். ‘நம்ம ஊர் பொங்கல். 12.4.89. காலேஜ் பையன்கள் கேட்டது. செம ஆட்டம்.’

அத்தை வாயில முந்தானையை வச்சுக்கிட்டு சிரிக்க ஆரம்பிச்சாங்க. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்சாங்க. ‘அந்தக் கீச்சுக் கீச்சுன்னு கத்துற பாட்டா? அன்னிக்கு எங்க வீட்டுக்காரரும் ஆடுனாரு தம்பி. சட்டையக் கழட்டி தோளுல போட்டுக்கிட்டு ஆடுனாரு. அதுக்கு முன்னாடியும் ஆடுனதில்ல, பின்னாடியும் ஆடுனதில்ல.’

கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க.

‘அது என்ன தேதின்னு சொன்ன? ஒரு தாள்ல எழுதிக் குடுத்துட்டுப் போ.’