மயிலும் மூன்று கிலோமீட்டரும்

பசுமலையில் வாழும் நமக்கு மயில் புதிதன்று. திருப்பரங்குன்றத்துப் பாறைச் சரிவிலிருந்து விடியற்காலையில் எழும் அகவல் ஓசைதான் இங்குப் பலருக்குக் கடிகாரம். ஆயினும் அதே ஓசையைக் கேட்டு வயிறு கலங்குபவர்களும் இம்மண்ணில் உண்டு. நிலக்கடலை விதைத்தவர், நாற்று பாவியவர், தக்காளி பழுக்கக் காத்திருப்பவர்.

விவசாயிகள் குறைதீர் கூட்டமொன்றில் நாம் பின்வரிசையில் அமர்ந்திருந்தோம். முதியவர் ஒருவர் எழுந்து, மூன்று முறை விதைத்தும் முளை தங்கவில்லை என்றார். மேடையிலிருந்து வந்த விடை இது: “அறிவியல்படி இதில் ஒன்றும் செய்ய இயலாது, பெரியவரே.” அவர் அமர்ந்துவிட்டார். அறிவியல் என்ற சொல்லுக்கு எதிரே பள்ளிப் படிப்பைத் தாண்டாத ஒருவர் வேறென்ன செய்வார்? அந்த விடையோடுதான் நமக்கு வழக்கு.

அறிவியல் சொல்வது என்ன? 2023-ஆம் ஆண்டு வெளியான இந்தியப் பறவைகளின் நிலை பற்றிய அறிக்கை, நாடெங்கும் பறவை நோக்குவோர் பல்லாயிரவர் திரட்டிய பதிவுகளைக் கொண்டு, மயில் பெருகியிருக்கிறது என்றும் முன்பு காணப்படாத இடங்களுக்கும் பரவியிருக்கிறது என்றும் கூறுகிறது. இது உண்மைச் செய்தி. எண்ணிப் பார்த்துச் சொன்னது. தவறெனில் மீண்டும் எண்ணித் திருத்தலாம். ஆனால் “மயில் மிகையாகிவிட்டது” என்று ஒருவர் சொன்னால் அது வேறு வகைப் பேச்சு. மிகை யாருக்கு? பறவைக்கா, கடலைக் கொல்லைக்கா? பெருகியது என்பது கணக்கு. மிகையானது என்பது தீர்ப்பு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வரப்பை அழிப்பதே நம் காலத்தின் கெட்டிக்காரத்தனமாகிவிட்டது.

அந்த முதியவருக்குத் தடையாக நின்றது அறிவியலன்று, சட்டம். மயில் 1963-இல் தேசியப் பறவையாயிற்று. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதனை முதல் அட்டவணையில் வைத்துள்ளது. அவ்வட்டவணை உயிரினம் மனித உயிருக்கு ஆபத்தானால், அல்லது தேற இயலாதபடி நோயுற்றோ ஊனமுற்றோ இருந்தால் மட்டுமே அதனை வேட்டையாட அனுமதி தரலாம். இரண்டாம் அட்டவணைக்கோ விளைபயிர்ச் சேதமும் போதிய காரணம். பயிரை ஓர் உயிரோடு தராசில் வைப்பதா, வேண்டாமா என்ற இவ்வேறுபாட்டை எந்த ஆய்வுக்கூடமும் கண்டுபிடிக்கவில்லை. மக்களவையும் மாநிலங்களவையும் கூடி முடிவு செய்தன. நல்ல முடிவாகவே இருக்கலாம். நாமும் மயிலைச் சுடச் சொல்லவில்லை. ஆனால் முடிவு செய்தவர்கள் மனிதர்கள். அதனை மனிதர்கள் கேள்வி கேட்கலாம்.

காட்டுப்பன்றியைப் பாருங்கள். 2025-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தமிழக அரசு ஓர் ஏற்பாட்டை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். பன்றி இரவில் எவ்வளவு தூரம் வரும், எதைத் தின்னும், எத்தனை குட்டி ஈனும் என்பவற்றை உயிரியல் அறிஞர் சொல்லலாம். ஆனால் 900 மீட்டர் தொலைவில் நிலம் வைத்திருப்பவர் இழப்பைத் தாங்கட்டும், நான்காவது கிலோமீட்டரில் இருப்பவருக்கு மட்டும் துப்பாக்கி துணை வரட்டும் என்பதை எந்த நுண்ணோக்கி காட்டிற்று? காட்டின் ஓரம் காட்டுயிருக்கே முதன்மையாய் உரியது என்னும் மதிப்பு அந்தக் கோட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. அம்மதிப்பு நமக்கும் உடன்பாடே. எனினும் அதை ஒளிக்காமல் சொல்லட்டும்.

2016-ஆம் ஆண்டு பீகாரின் மொகாமா பகுதியில் நீலான்கள் 200-க்கு மேல் சுடப்பட்டபோது நடந்ததை நினைவுகூர்வோம். அவ்விலங்கைத் ‘தீங்குயிர்’ என்று அறிவித்தது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம்; அதைக் கொலைவெறி என்று சாடியவர் அதே அமைச்சரவையைச் சேர்ந்த மேனகா காந்தி. இருவர் கையிலும் இருந்தது ஒரே கணக்குத்தான்; நெஞ்சில் இருந்த தராசுகள் வேறு. ‘தீங்குயிர்’ என்னும் சொல்லே பாதித் தீர்ப்பு அன்றோ!

உழவர் பக்கமும் நாம் கண்ணை மூடிக்கொள்ளலாகாது. “நரி அழிந்ததால்தான் மயில் பெருகிற்று” என்பது டீக்கடைதோறும் ஒலிக்கும் வாதம். உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் அது ஆய்ந்தறிய வேண்டிய செய்தி, உரத்துச் சொல்வதால் மெய்யாகிவிடாது. மயில் முருகனின் ஊர்தி, ஆகவே தொடாதே என்று அண்டை வீட்டார் சொன்னால் அது மதிப்பு. மதிப்பாகவே அதைக் கேட்டு மதிப்போம். 2018-இல் மதுரைக்கு அருகே 40-க்கும் மேற்பட்ட மயில்கள் இறந்து கிடந்தன. நஞ்சு கலந்த தானியத்தைத் தின்றிருக்கலாமென ஐயுற்றனர். மேடையில் வாயடைக்கப்பட்ட வழக்குகள் வயலில் இப்படித்தான் முடிகின்றனவோ என்னும் அச்சம் நம்மை விடவில்லை.

அறிவியல் வினாக்களைத் தீர்த்துவைக்கவோ அரசியலின் இடத்தைப் பிடிக்கவோ திருச்சபை முற்படவில்லை என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் தம் சுற்றுமடலில் எழுதினார். வேண்டுவது நேர்மையான, திறந்த விவாதமே என்றார். திருத்தந்தைக்கு இருந்த அந்த அடக்கம் நம் கூட்ட மேடைகளுக்கு ஏன் வரக்கூடாது?

அடுத்த கூட்டத்தில் நாம் எழுத்தில் கேட்கவிருப்பது சிறிய செய்திதான். ஒவ்வோர் ஆணையிலும் எண்ணி அறிந்தது எது, எண்ணியவர் யார் என ஒரு பத்தி. எதை எதைவிடப் பெரிதென முடிவு செய்தோம், முடிவு செய்தவர் யார் என மற்றொரு பத்தி. அப்போது அந்த முதியவர் எழுந்து, இரண்டாம் பத்தியில் தமக்கும் சொல்ல ஒரு வார்த்தை உண்டு எனலாம். அவரைக் கையோடு அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கிறோம்.