ஒரு காலம், மூன்று பெண்கள்

"அந்தக் காலத்தில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள்" என்று சொல்லிப் பழைய மனிதர்களை விடுவித்துவிடுவது நம்மிடம் ஒரு வழக்கம். இன்றைய நியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவர்களைக் கூண்டில் ஏற்றுவது இன்னொரு வழக்கம். எதிரும் புதிருமாகத் தெரியும் இந்த இரண்டு கட்சிக்காரர்களும் நம்புவது என்னவோ ஒன்றைத்தான்: ஒரு காலத்துக்கு ஒரே மனம் என்று. தேவதாசி முறை ஒழிப்பு விவாதத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால் இந்த நம்பிக்கை நிற்காது.

பெங்களூர் நாகரத்தினம்மாள் பிறந்தது 1878இல். மூவலூர் இராமாமிர்தம் 1883இல். முத்துலட்சுமி ரெட்டி 1886இல். எட்டே ஆண்டு இடைவெளியில் பிறந்த மூவருக்கும் தேவதாசி மரபோடு ரத்த உறவோ வாழ்க்கை உறவோ உண்டு. முத்துலட்சுமியின் தாயார் சந்திரம்மாள் அந்த மரபில் வந்தவர். மகள் மருத்துவரானார், சென்னை சட்டசபைக்குள் போனார், 1927இல், சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தார். நாகரத்தினம்மாள் தேவதாசிகளைத் திரட்டி அதை எதிர்த்தார். இளமையிலேயே அந்த வாழ்க்கைக்குள் தள்ளப்பட்ட இராமாமிர்தம், சுயமரியாதை மேடைகளில் அதைச் சாடினார். 1936இல் 'தாசிகள் மோசவலை' என்ற நாவலையே எழுதினார். பிறப்பும் காலமும்தான் ஒருவரின் கருத்தைத் தீர்மானிக்கின்றன என்றால் இந்த மூவரும் ஒரே பக்கம் நின்றிருக்க வேண்டும்.

அப்படியானால் காலத்துக்கு ஒரு வேலையும் இல்லையா என்று கேட்கலாம். உண்டு. எந்த நியாயத்தைச் சொன்னால் சபை காது கொடுக்கும் என்பதைக் காலம்தான் வகுத்துக் கொடுக்கிறது. மருத்துவர் நோயையும் ஒழுக்கத்தையும் பேசினார். எதிர்த்தவர்கள் கலையையும் கோயில் மரபையும் சொத்துரிமையையும் பேசினார்கள். 'குடும்பப் பெண்' என்ற அளவுகோலுக்கு எல்லோருமே பதில் சொல்ல வேண்டியிருந்தது. அந்த அளவுகோலும் ஒன்றும் ஆதிகாலத்தது அல்ல. தஞ்சை மராட்டிய அரசவையைச் சேர்ந்த முத்துபழனி 18ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'ராதிகா சாந்த்வனமு' என்ற தெலுங்குக் காவியத்தை நாகரத்தினம்மாள் 1910இல் பதிப்பித்தார். அரசவையில் மதிப்புப் பெற்றிருந்த அந்த நூல் ஆபாசம் என்று சொல்லப்பட்டு, பிரதிகள் பறிமுதலாயின. அதைக் கண்டித்தவர்களில் ஒருவர், விதவை மறுமணத்துக்காகப் போராடிய வீரேசலிங்கம் பந்துலு! ஆண்கள் எழுதிய சிருங்காரத்தைப் பொறுத்துக்கொள்பவர்கள் ஒரு பெண் எழுதியதற்கு மட்டும் ஏன் கூசுகிறார்கள் என்று நாகரத்தினம்மாள் அப்போதே கேட்டார். வீரேசலிங்கத்தின் கண்ணைக் காலம் மறைத்தது என்று சொல்வோர், அதே காலம் நாகரத்தினம்மாளின் கண்ணை ஏன் மறைக்கவில்லை என்பதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

எல்லோர் பக்கமும் நியாயம் உண்டு என்று மழுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை. சம்மதம் சொல்லும் வயதுகூட வராத சிறுமிக்குப் பொட்டுக்கட்டியது அநீதி. அன்றைக்கே அதை அநீதி என்று உரக்கச் சொன்னவர்கள் இருந்ததால், இப்படித் தீர்ப்புச் சொல்ல நமக்கு இன்றைய அளவுகோல் தேவையில்லை. அதே கணக்கில் சீர்திருத்தத்தின் குறையும் வரும். தங்களை விலைமாதரோடு சேர்க்க வேண்டாம், கல்வி கொடுங்கள் என்று தேவதாசிகளே அரசுக்கு மனு எழுதினார்கள். கோயில் ஊழியக் கட்டாயத்திலிருந்து மானிய நிலங்களை விடுவித்த 1929ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அவர்களுக்குக் கிடைத்த உருப்படியான பலன். அதற்கான பெருமை முத்துலட்சுமிக்கே. ஆனால் அவர்களுடைய ஆட்டம் மட்டும் பரதநாட்டியம் என்ற பெயரில் மேடையேறி மரியாதை பெற்றது. ஆடியவர்களில் பெரும்பாலோர் வெளியே நின்றார்கள்.

நம் தீர்ப்பும் காலத்தின் பிடியில்தான் இருக்கிறது. 1947இல் ஒழிப்புச் சட்டம் வந்த தலைமுறை தேவதாசி முறையைச் சமூகத் தீமை என்று மட்டும் படித்தது. இன்றைய ஆய்வாளர்கள் பலர் இழந்த கலையையும் உரிமையையும் பேசுகிறார்கள். அந்த உற்சாகத்தில் இராமாமிர்தத்தின் கோபம் காணாமல் போகிறது. ஆகவே, பள்ளியில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பாடமாக நடத்தும் ஆசிரியர்கள் முத்துலட்சுமியோடு நிறுத்திவிடாமல் மற்ற இருவரையும் தேவதாசிகள் எழுதிய அந்த மனுவையும் சேர்த்தே மாணவர்கள் முன் வைக்க வேண்டும்.