‘கட்டணம் இல்லை’ என்றால் இலவசமா?

‘கட்டணம் இல்லை’ என்ற இரண்டு சொற்களுக்கு நம்மிடம் தனி மரியாதை உண்டு. சிராங்கூன் சாலை நாணய மாற்றுக் கடையோ, வங்கிச் செயலியோ, அந்த வரியைப் பார்த்ததும் மனம் கணக்குப் போடுவதை நிறுத்திவிடுகிறது.

அண்மையில் நிலையத்துக்கு அழைத்த ஈசூன் அக்கா நிறுத்தவில்லை. மகன் பெர்த்தில் படிக்கிறார். ஒரு பருவக் கட்டணத்துக்கு ஏறக்குறைய 20,000 வெள்ளி அனுப்ப வேண்டும். “கட்டணம் இல்லைன்னுதான்மா போட்டிருக்கு. ஆனா கைப்பேசியில பாக்குற ரேட்டுக்கும் அவங்க குடுக்குற ரேட்டுக்கும் ஒத்தே வரலையே, அந்தக் காசு எங்க போகுது?” என்று கேட்டார்.

சரியான கேள்வி. நாணயத்துக்கு வாங்கும் விலை, விற்கும் விலை என இரண்டு உண்டு. இணையத்தில் தேடினால் வருவது இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்தை விலை. நமக்குக் கிடைப்பது அதைவிடக் குறைவு. அந்த வித்தியாசம்தான் உண்மையான கட்டணம். அது 1 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 20,000 வெள்ளிக்கு 200 வெள்ளி. ரசீதில் அந்தத் தொகை எங்கும் இருக்காது.

இதைக் குறைக்க ஒரு வழி, வெளிநாட்டுப் பங்குகள் வாங்கப் பயன்படும் தரகுக் கணக்கு. எல்லாத் தரகு நிறுவனங்களும் மலிவு அல்ல. பல நிறுவனங்கள் தங்கள் லாபத்தை மாற்று விகிதத்துக்குள்ளேயே வைத்திருக்கின்றன. ஆனால் இன்டராக்டிவ் புரோக்கர்ஸ் போன்ற இடத்தில், நாமே சந்தை விலையை ஒட்டி நாணயத்தை வாங்கலாம். அதன் அடிப்படைத் தரகு 0.002 விழுக்காடு, குறைந்தது 2 அமெரிக்க டாலர். அதாவது 20,000 வெள்ளியை மாற்ற, நம் காசில் மூன்று வெள்ளிகூட ஆகாது.

200 எங்கே, 3 எங்கே! உடனே கணக்குத் திறக்கக் கிளம்பிவிடாதீர்கள். நிபந்தனைகள் இருக்கின்றன.

முதலாவது, தொகை. 200 வெள்ளி மாற்றினால் 1 விழுக்காடு என்பது 2 வெள்ளிதான். அங்கே தரகுக் கணக்கைவிட நாணய மாற்றுக் கடையே மேல்.

இரண்டாவது, பெயர். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து வந்த பணம், உங்கள் பெயரிலுள்ள கணக்குக்குத்தான் திரும்பும். பல்கலைக்கழகத்துக்கோ மகனுக்கோ நேரடியாக அனுப்ப முடியாது. அந்த அக்கா ஆஸ்திரேலிய டாலரை முதலில் தம் பெயரிலுள்ள வெளிநாட்டு நாணயக் கணக்குக்கு எடுத்து, அங்கிருந்துதான் கட்ட வேண்டும். பணம் உள்ளே வரவும் வெளியே போகவும் வங்கி பிடிக்கும் கட்டணத்தையும் கூட்டிப் பாருங்கள்.

மூன்றாவது, நாள். மாற்றிய பணம் கைக்கு வர வழக்கமாக இரண்டு வேலை நாள்கள் ஆகும். நாளைக்குக் கெடு என்றால் இந்த வழி வேண்டாம்.

நான்காவது, நோக்கம். பணத்தைப் போட்டு, மாற்றி, உடனே எடுப்பதற்கு மட்டுமே கணக்கைப் பயன்படுத்துவதைத் தரகு நிறுவனங்கள் விரும்புவதில்லை. ஏற்கெனவே முதலீடு செய்பவர்களுக்கு இது கூடுதல் வசதி, அவ்வளவுதான். கணக்குத் திறக்கும்போது கடன் வசதியுள்ள ‘மார்ஜின்’ வகையைத் தவிர்த்து, ரொக்கக் கணக்கைத் தேர்ந்தெடுங்கள்.

ஐந்தாவது, பாதுகாப்பு. வங்கியிலுள்ள சிங்கப்பூர் வெள்ளி வைப்புத்தொகைக்கு 100,000 வெள்ளி வரை காப்புறுதி உண்டு. தரகுக் கணக்கிலுள்ள பணத்துக்கு அது கிடையாது. வங்கியின் வெளிநாட்டு நாணயக் கணக்குக்கும் கிடையாது. எனவே பணத்தை அங்கே தூங்கவிடாதீர்கள்.

ஊரில் இருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் அனுப்புபவர்களுக்கு இந்த வழி உதவாது. இந்திய ரூபாய் தடையின்றி மாற்றக்கூடிய நாணயம் அல்ல. 2023 பிப்ரவரியில் தொடங்கிய பேநவ்-யுபிஐ இணைப்பு, உரிமம் பெற்ற பணம் அனுப்பும் நிறுவனங்கள் ஆகியவைதான் உங்களுக்கு.

எல்லாக் கணக்கையும் போட்டுப் பார்த்த ஈசூன் அக்கா, முதலீட்டுக் கணக்கு எதுவும் தமக்கு இல்லாததால் தரகு வழி வேண்டாம் என்று முடிவு செய்தார். ஆனால் மூன்று இடங்களில் ஒரே கேள்வியைக் கேட்கப்போவதாகச் சொன்னார்: “நான் 20,000 வெள்ளி கொடுத்தால், எல்லாம் போக, அங்கே எத்தனை ஆஸ்திரேலிய டாலர் போய்ச் சேரும்?”

நீங்களும் அதையே கேளுங்கள். கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் ‘இல்லை’ என்பார்கள். போய்ச் சேருவது எவ்வளவு என்று கேட்டால், ஒரு எண்ணைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த எண்களை ஒரே நாளில், ஒரே நேரத்தில் கேட்டு ஒப்பிடுங்கள். பெரியது எதுவோ, அங்கே போங்கள்.